பிறருக்காக வாழ்ந்தால் வாழ்க்கையின் நோக்கம் தெரிந்துவிடுமா?

சூரமங்கலத்திலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். வயது முப்பத்து நான்கு. பெங்களூருவில் ஒன்பது ஆண்டுகள் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, இப்போது அதே வேலையைச் சேலத்தில் வீட்டிலிருந்தே பார்க்கிறார். அவருடைய கேள்வியின் சாரம் இது: ‘தசமபாகம் தவறாமல் கொடுக்கிறேன், பாடகர் குழுவிலும் இருக்கிறேன். ஆனாலும் ஞாயிறு சாயங்காலமானால் மனம் வெறிச்சென்று ஆகிவிடுகிறது. பிறருக்காக வாழ்ந்தால் வாழ்க்கைக்கு அர்த்தம் கிடைக்கும் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். சென்ற ஆண்டு சபையில் மூன்று குழுக்களில் சேர்ந்து ஓடியும் பார்த்தேன், களைப்புதான் மிச்சம். என் அம்மா வாழ்நாள் முழுக்கப் பிறருக்காகவே உழைத்தார். அவருக்கு மிஞ்சியது முழங்கால் வலி. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனால்தான் என் நோக்கம் எனக்குத் தெரியுமா?’

சேலம் அஸ்தம்பட்டியில் முப்பது ஆண்டுகளாக ஞாயிறு மதிய வேதபாட வகுப்பை நடத்தி வருகிறவன் என்ற முறையில், இதே கேள்வியை வெவ்வேறு சொற்களில் பலர் கேட்கக் கேட்டிருக்கிறேன். எனக்குள்ளும் கேட்டிருக்கிறேன். ஆகையால் சுருக்கமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ள மனம் வரவில்லை.

முதலில் வசனத்தையே எடுத்துக்கொள்வோம். ‘தன் ஜீவனை இரட்சிக்க விரும்புகிறவன் அதை இழந்துபோவான்; என்னிமித்தமாகத் தன் ஜீவனை இழந்துபோகிறவன் அதைக் கண்டடைவான்’ என்பது மத்தேயு 16:25. இந்தக் கருத்து நான்கு சுவிசேஷங்களிலும் சேர்த்து ஆறு இடங்களில் வருகிறது. இயேசு சொன்னவற்றில் இத்தனை முறை பதிவான வாக்கியங்கள் மிகச் சிலவே. இதில் கண்டடைதல் என்பது இரண்டாவதாகத்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். இழப்பவன் கண்டடைவான் என்கிறார். கண்டடைவதற்காக இழந்துபார் என்று சொல்லவில்லை. நோக்கம் கிடைக்கட்டும் என்பதற்காக ஒருவன் பிறருக்கு உதவினால், உதவி பெறுகிறவர் அவனுக்கு ஒரு வழியாகிவிடுகிறார். அவனுடைய கண் இன்னும் தன் மேலேயே இருக்கிறது. நம் ஊர் வழக்கில் சொன்னால், அவன் கொடுக்கவில்லை, வட்டிக்கு விட்டிருக்கிறான். வட்டி வராதபோது வருத்தம் வருவது இயல்புதானே? சென்ற ஆண்டு மூன்று குழுக்களில் ஓடிய பிறகு உங்களுக்கு வந்த களைப்பில் ஒரு பகுதி உடம்புக் களைப்பு. மறு பகுதி வராத வட்டிக்கான ஏக்கமாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக நினைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முந்தைய வசனத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கே உரிய சிக்கல் அது. நாம் வீட்டில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில், ‘தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை எடுத்துக்கொண்டு’ என்று இருக்கிறது. இந்த ‘வெறுத்து’ என்ற சொல்லைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த நம்மில் பலர், தன்னலமில்லாமல் இருப்பது என்றால் தன்னையே இழிவாக நினைப்பது, நல்ல புடவையைக்கூடக் குற்றவுணர்ச்சியோடு உடுத்துவது, வலித்தாலும் வாய் திறவாமல் இருப்பது என்று புரிந்துகொண்டுவிட்டோம். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் உள்ள வினைச்சொல் மறுதலிப்பதைக் குறிப்பது. சேவல் கூவுமுன் பேதுரு இயேசுவை மூன்று தரம் மறுதலிப்பான் என்று சொல்லும் இடத்திலும் அதே சொல்தான். பேதுரு இயேசுவை வெறுக்கவில்லை. ‘அந்த மனுஷனை அறியேன்’ என்று விலகி நின்றான். அதுபோலத் தன் நலம் என்பது வந்து ‘நான்தான் இங்கே எஜமான்’ என்று சொல்லும்போது, ‘உன்னை எனக்குத் தெரியாது’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பதுதான் அந்த வசனத்தின் பொருள். கத்தோலிக்க சகோதரர்கள் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் ‘தன்னலம் துறந்து’ என்று இருப்பது இந்த இடத்தில் எனக்கு அதிகம் பிடிக்கும். என் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) நண்பர்கள் இதற்காக என்னைக் கோபித்துக்கொண்டதும் உண்டு.

இனி என் சொந்த அனுபவம் ஒன்று. பெருமைக்காக அல்ல, அதில் பாதி வெட்கப்பட வேண்டிய கதை.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில், எங்கள் வகுப்பிலிருந்து பதினைந்து பேர் ஒரு வேன் பிடித்து, அறுபது கம்பளிகளோடு ஏற்காடு போனோம். நாகலூருக்கு அப்பால், மலையாளிகள் என்று அழைக்கப்படும் மலைவாழ் மக்களின் சிற்றூர் ஒன்று. (இவர்கள் கேரளத்தவர் அல்லர், சேர்வராயன் மலையிலேயே தலைமுறை தலைமுறையாக வாழும், தமிழ் பேசும் மக்கள்.) காப்பிப் பழம் பறிக்கும் பருவமாதலால் உடம்பில் வலுவுள்ளவர்கள் எல்லோரும் எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தார்கள், வயதானவர்களும் குழந்தைகளும்தான் வீட்டில் இருந்தார்கள். ஆளுக்கொரு கம்பளியைக் கொடுத்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். ஒரு மூதாட்டியிடம் கொடுத்தபோது அவர் அதை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, எந்த மனத்தாங்கலும் இல்லாமல் சொன்னார்: “கம்பளி போன வருசம் குடுத்ததே பொட்டியில கெடக்குதுங்க. கண்ணு ரெண்டும் மங்கிப்போச்சு. கீழ பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி வர ஒரு ஆளு இருந்தாத் தேவலைங்க.”

பதினைந்து பேரில் ஒருவருக்கும் அதற்குப் பதில் இல்லை. கம்பளி எங்களிடம் அறுபது இருந்தது. ஒரு புதன்கிழமை எங்களிடம் இல்லை.

அந்த ஆண்டு என் மூத்த மகன் வெளிநாடு போயிருந்தான், வீடு வெறுமையாக இருந்தது, எனக்கும் உங்களைப் போலவே ஞாயிறு சாயங்காலங்கள் கனத்துக்கொண்டிருந்தன. எப்படியோ, இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு மலையேறினேன். அவரைப் பேருந்தில் முன் இருக்கையில் உட்கார வைத்து, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, முகர்ந்துகொண்டே வரச் சொன்னேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எட்டாவதிலேயே எலுமிச்சை தோற்றுவிட்டது. மீதி வழி முழுவதும் பிளாஸ்டிக் பையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். சீட்டுப் போடுவது, வரிசையில் உட்காருவது, சர்க்கரை பார்ப்பது, அடுத்த தேதி வாங்குவது என்று அன்றைய பொழுது போயிற்று. அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சேர்த்து, ஒரு கண்ணுக்கு மட்டும் ஐந்து தடவை போய்வந்தோம். கட்டுப் பிரித்த மறுநாள் அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “தலை நரைச்ச மனுசன்னு தெரியாமப் போச்சுங்களே, சின்னப் பையன்னு நெனச்சுல்ல இத்தன நாளும் ஏவிட்டு இருந்தேன்” என்றார்.

அந்த மாதங்களில் என் வாழ்க்கையின் நோக்கம் என்ன என்று நான் யோசித்ததாக ஒரு நாள்கூட நினைவில்லை. அடுத்த புதன்கிழமை முதல் பேருந்து எத்தனை மணிக்கு, அவருடைய பேரன் அவரைச் சாலை வரை கொண்டுவந்து விடுவானா, இவைதான் நினைவில் இருந்தன. அந்தக் கேள்விக்கு நான் விடை கண்டுபிடிக்கவில்லை. கேள்வி எப்போது எழுந்து போயிற்று என்றே தெரியவில்லை. உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். பெயரும் முகமும் உள்ள ஒரு மனிதருக்கு, குறித்த நாளில், குறித்த நேரத்தில், நீங்கள் தேவைப்பட வேண்டும்; நீங்கள் வராவிட்டால் அங்கே ஒரு வேலை நின்றுபோக வேண்டும்.

வெட்கப்பட வேண்டிய மறு பாதியையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது மாதம் ஒரு ஜெபக்கூட்டத்தில் இதைச் சாட்சியாகச் சொன்னேன். ஐயர் (எங்கள் சபைப் போதகர்) முதல் எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த புதன்கிழமை மலையேறும்போது, முதல் முறையாக அந்தப் பயணம் எனக்குப் பாரமாக இருந்தது. மூதாட்டி வழக்கம்போலப் பேசிக்கொண்டு வந்தது எரிச்சலாக இருந்தது. வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதை, அதுவரை வெறும் அடக்கத்தைப் பற்றிய அறிவுரை என்றே பாடம் நடத்தி வந்தேன். உதவி செய்கிறவனைப் பாதுகாக்கும் வேலியாகவும் அது இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இப்போது எழுதுவதுகூட உங்கள் கேள்விக்கு அவசியம் என்பதால்தான்.

பெரிய மனிதர்களின் வாழ்க்கையிலும் இதே விதம்தானா என்று நீங்கள் கேட்கலாம். நம் பழைய சேலம் மாவட்டத்திலேயே ஒருவர் இருந்தார். கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருந்தாலும், 1997-க்கு முன் சேலத்தோடு இருந்ததுதான். அங்கே ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரியும் அவருடைய மனைவி ஈவ்லினும் ஊழியம் செய்தார்கள். ஈவ்லின் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், ஓவியம் கற்றவர். ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர். கொஞ்சம் மருத்துவமும் படித்திருந்தார். மலை மக்களை வாட்டிய நரம்புச் சிலந்திப் புழுவைக் கால்களிலிருந்து குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்ததோடு நிற்காமல், அந்த நோய் தண்ணீரிலிருந்து வருவது என்பதால், கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பவும் செய்தார். பல ஆண்டுகள் கடந்தும் ஒருவர்கூட அவர்களுடைய மார்க்கத்தில் சேரவில்லை. ஊழியத்தின் பலனை எண்ணிக்கையில் அளந்திருந்தால் அவர்கள் மூட்டையைக் கட்டியிருக்க வேண்டும். பிறகு ஒரு கொள்ளைநோய்க் காலத்தில், அவர்களை எதிர்த்துவந்த உள்ளூர்ப் பூசாரி ஒருவர் மரணப்படுக்கையில் கிடந்தபோது, தம் குழந்தையை வளர்க்கும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தார். ரூத் என்ற அந்தப் பெண்குழந்தை அவர்கள் வீட்டில் வளர்ந்தது.

1929-இல் ஜெஸ்ஸி நாற்பத்து நான்கு வயதில் மலைக் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் தாயகம் போய்விட்டுத் திரும்பி வந்து, மிஷன் சொன்ன இடங்களில் சமவெளியில் பணியாற்றினார். எழுபதை நெருங்கும் வயதில் மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தபோது, சரி என்று வாங்கிக்கொண்டு நேராகக் கொல்லிமலைக்கே போய்விட்டார். அதன் பிறகு கல்வராயன் மலை முதலிய இடங்களிலும், முதலில் குதிரையிலும் பின்னர் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றியும், தொண்ணூற்றைத் தாண்டிய வயது வரை ஊர் ஊராகப் போய்வந்தார். 1974-இல் தொண்ணூற்றைந்து வயதில் காலமானார். ‘கிரானி பிராண்ட்’ என்று எல்லோரும் அழைத்த அவருடைய வாழ்க்கையில் என்னைத் தடுத்து நிறுத்துவது வீரம் அன்று. ஓய்வு கிடைத்தபோது அவருக்கு எங்கே போவது என்ற குழப்பமே இல்லாதிருந்தது. நோக்கத்தைத் தேடும் வயதில் அவர் தேடவில்லை, போக வேண்டிய வீடுகள் அவருக்குத் தெரிந்திருந்தன.

இனி உங்கள் தாயாரின் விஷயம். இது கடினமானது, பிரசங்கங்களில் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதே ஈவ்லினுக்கு 1914-இல் பிறந்த மகன்தான் டாக்டர் பால் பிராண்ட். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி விழுவதில்லை, வலி உணர்வு போய்விடுவதால் அவர்கள் அறியாமலேயே சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் இழக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைப்பதைத் தியாகம் என்று நாம் பாராட்டலாம். அந்தக் கைக்கு என்ன ஆகிறது என்பதைச் சில நாள் கழித்துத்தான் பார்ப்போம். நம் வீடுகளில் தாய்மார்களிடம் நாம் கேட்டு வாங்கியது பல நேரங்களில் இத்தகைய வலியற்ற கையைத்தான். அவர்கள் விரும்பிக் கொடுத்தது எவ்வளவு, மறுக்க வழியில்லாததால் கொடுத்தது எவ்வளவு என்று நாம் கேட்டதில்லை. ‘விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல’ என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது காணிக்கைப் பையைக் குறித்து மட்டும் என்று வைத்துக்கொண்டோம். சீஷர்களுக்குச் சாப்பிடவும் நேரமில்லாமல் போனபோது, தனியான இடத்துக்குப் போய்ச் சற்றே இளைப்பாறுங்கள் என்று அழைத்தவர் இயேசுவேதான். கூட்டம் அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது. தன்னலமில்லாத வாழ்க்கையில் ‘இன்றைக்கு முடியாது’ என்ற சொல்லுக்கு இடமுண்டு. அந்தச் சொல்லை உங்கள் தாயாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றால், அது அவருடைய தியாகத்தின் குறை ஆகாது. சுற்றி இருந்தவர்களின் குறை.

முழுநேர ஊழியத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வெறுமையிலிருந்து தப்பிக்க அங்கே போகாதீர்கள்; போனவர்களைப் பார்த்திருக்கிறேன், வெறுமையும் கூடவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறது. யோர்தானில் யோவான் ஸ்நானன் ஞானஸ்நானம் கொடுத்தபோது, ஆயக்காரரும் போர்ச்சேவகரும் வந்து ‘நாங்கள் என்ன செய்யவேண்டும்’ என்று கேட்டார்கள். அவர் யாரையும் வேலையை விடச் சொல்லவில்லை. வரியை அதிகமாக வாங்காதே, இடுக்கண் செய்யாதே, சம்பளம் போதும் என்றிரு என்றார். பவுலும் கூடாரம் தைத்துப் பிழைத்துக்கொண்டேதான் பிரசங்கித்தார். அழைப்பு உண்மையாகவே வந்தால் தடுக்க யாராலும் முடியாது. ஆனால் அது உங்கள் வேலை சலித்துப்போனதற்கான மாற்று ஏற்பாடாக வராது.

சபைக் குழுக்களில் இரண்டிலிருந்து விலகிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வெறுமை ஞாயிறு சாயங்காலத்தோடு நிற்காமல் தூக்கத்தையும் பசியையும் தொடுகிறது என்றால், அதை விசுவாசக் குறைவு என்று எண்ணி ஜெபக் குறிப்பில் மட்டும் எழுதிவைக்காமல், மருத்துவரிடம் போங்கள். சூரைச்செடியின்கீழ்ப் படுத்து ‘போதும் கர்த்தாவே’ என்று சொன்ன எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும், உறங்கவும் விட்டான். அவனுடைய அடுத்த பணியைப் பற்றிய பேச்சு அதற்கு நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்தான் நடந்தது.

இப்போது உங்கள் கடிதத்துக்கே திரும்புகிறேன். அதை மூன்று முறை வாசித்தேன். அதில் சபை இருக்கிறது, வேலை இருக்கிறது, நோக்கம் என்ற சொல் பலமுறை இருக்கிறது. உங்கள் தாயாரின் முழங்கால் ஒரே ஒரு வாக்கியத்தில், அதுவும் ஒரு உதாரணமாக வந்துபோகிறது. மாற்கு ஏழாம் அதிகாரத்தில், பெற்றோருக்குச் செய்ய வேண்டிய உதவியைக் ‘கொர்பான்’ என்று கடவுளுக்குக் காணிக்கையாக அறிவித்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்றிருந்தவர்களை இயேசு கடிந்துகொள்கிறார். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நாகலூருக்குக் கம்பளி கொண்டுபோன காலத்தில் என் வீட்டிலும் என் தாயார் கண் மங்கி உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு மறக்கவில்லை.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. வாரத்தில் ஒரு காலைப் பொழுதை மாற்றி அமைத்துக்கொள்ளலாம். எலும்பு மருத்துவரை எந்த நாளில் பார்க்கலாம் என்று விசாரித்து, வரிசை நீளுமுன் போய்விடுங்கள். உள்ளே போகும்போது வலியை நீங்கள் விவரிக்காமல், அவரையே பேசவிடுங்கள். முதலில் ‘ஒன்றுமில்லை, வயசானா வர்றதுதான்’ என்பார், கொஞ்சம் பொறுத்திருங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் பீரோவின் மேல்தட்டில், காலண்டர் அட்டைகளுக்கு நடுவே இருக்கும். அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.